குளத்தில் வந்த அரிப்பு, நான் மறைத்த கால்

குளத்தில் இருந்து கரையேறிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முழங்காலுக்குக் கீழே யாரோ ஊசி நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல ஒரு குறுகுறுப்பு.

எறும்பு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. ஒன்றுமே இல்லை. ஈரம் காயாத கால், அவ்வளவுதான்.

அப்போதே எழுந்துபோய் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்திருந்தால், இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் காணாமல் போயிருக்க மாட்டேன். ‘உடம்பு சரியில்லை’ என்று பத்திரிகை ஆசிரியர் நாசூக்காக ஒரு வரி போட்டிருந்தார். என்ன சரியில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். சொல்லாமல் இருந்ததுதான் என் தப்பே.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நாற்பத்தொன்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டவள் நான். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார்கள். முழங்கால் நடக்க விடவில்லை. ஊருக்கு வெளியே பனவடலிசத்திரம் போகும் வழியில் ஒரு குளம். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூன்று பெண்கள் நீந்துவோம். நான், ஆரம்பப் பள்ளி ஆசிரியை செண்பகம், எங்கள் இருவருக்கும் நீச்சல் சொல்லித்தந்த பேச்சியம்மாள். பேச்சிக்கு எங்களைவிட வயது குறைவு. வயல் வேலைக்குப் போகிறவள். தண்ணீரில் அவள் போவதைப் பார்த்தால், நாங்கள் இருவரும் மிதக்கும் மூட்டைகள்.

என் வீட்டுக்காரருக்கு இது ஆரம்பத்தில் இருந்தே பிடிக்காது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஆபத்தைத்தான் முதலில் பார்ப்பார். “இந்த வயசுல குளத்துல என்னட்டி நீச்சல்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அன்னையோட நிறுத்திப்புடணும், சொல்லிட்டேன்” என்பார். வாராவாரம் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி வரவில்லை. அறுப்பு வேலை. வழக்கமாக ஆறு மணிக்கு இறங்குகிறவர்கள், அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் போனோம். பங்குனி வெயில் சுள்ளென்று அடித்தது. குளத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பேச்சி இருந்தால் கிழக்குக் கரையில் ஆழமான இடத்துக்குக் கூட்டிப்போவாள். அவள் இல்லாத தைரியத்தில், இறங்க வசதியாக இருக்கிறதே என்று மேற்கே படித்துறைப் பக்கம் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். வெதுவெதுவென்று இருந்தது. கொஞ்சம் தள்ளி, மேய்ச்சலுக்குக் கொண்டுவந்த வாத்துகள் நூறு, இருநூறு... பாசிக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தது பார்க்க.

நீந்தினோமா? எங்கே... பாதி நேரம் நின்றுகொண்டு கதை பேசினோம். செண்பகத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். பேத்தியின் மூக்கு யாரைப்போல இருக்கிறது என்பதே ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு கரையேறி, ஈரத்துணியோடு வெயிலில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டோம்.

அப்போதுதான் அந்தக் குறுகுறுப்பு.

திங்கட்கிழமை காலையில் சேலையை உயர்த்திப் பார்த்தேன். இரண்டு கால்களிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். பாதத்தில் இருந்து தொடை வரைக்கும். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். சில புள்ளிகளின் தலையில் நீர் கோத்திருந்தது. அரிப்பா அது? அரிப்பு என்ற சொல்லுக்கு அவ்வளவு வலு கிடையாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் சொறிந்தேன். சொறியும்போது சுகமாக இருந்தது. நிறுத்தியதும் நெருப்பாக எரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேனா? இல்லை. சொன்னால் நீச்சல் அன்றோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் ஊருக்கே சொல்கிறோம். முதுகுவலியைப் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம்கூடச் சொல்கிறோம். தோலில் ஏதாவது வந்தால் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? பார்க்கிறவர்கள் ஓர் அடி தள்ளி உட்காருவார்களே என்ற பயம். ‘ஒட்டுமோ’ என்று அவர்கள் கண் கேட்குமே... அந்தக் கண்ணுக்குத்தான் பயம். எனக்கே அது என்னவென்று தெரியாதபோது, பிறருக்கு என்னவென்று சொல்வது?

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனேன். எங்கள் தெருக் கடைக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், என்னைத் தெரியாத ஒரு கடைக்கு. “தங்கச்சிக்குக் கால்ல அரிப்பு” என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது. கடைக்காரர் எதையும் கேட்காமல் ஒரு டியூபை எடுத்து வைத்தார். “எல்லாத்துக்கும் இதாம்மா. போட்டா ரெண்டு நாள்ல நிக்கும்.”

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன் — சங்கரன்கோவிலில் தோலுக்கு எது வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது கோயில் புற்றுமண்தான். கும்பிட்டுவிட்டு, மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினால்... எதிரே செண்பகம்.

அவள் கையிலும் ஒரு மடித்த காகிதம்.

“என்ன செண்பகம், இந்த நேரத்துல?”

“சும்மா... சாமி கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேங்க்கா. நீங்க?”

“நானும் சும்மாதான்.”

அந்த வெயிலில் அவள் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். நான் சேலையைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டியிருந்தேன். “பேத்தி எப்படி இருக்கா?” என்றேன். “நல்லா இருக்கா” என்றவள் முகம் ஒரு மாதிரி சுருங்கியது. எப்போதும் பேத்தி பேச்சை எடுத்தால் நிறுத்தாதவள், சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் தப்பித்தோம் என்று கிளம்பிவிட்டேன். அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. என் காலைப் பற்றிய கவலையில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து மண்ணைக் குழைத்துக் காலில் பூசினேன். சொறிந்து தோல் உரிந்த இடத்திலும் பூசினேன். அதற்கு மேல் டியூப் மருந்து. புதன்கிழமை அரிப்பு அடங்கியதுபோல இருந்தது. அப்பாடா... யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு சினிமாப் பாட்டைக்கூட முணுமுணுத்தேன்.

வியாழக்கிழமை இடது கணுக்காலுக்கு மேலே ஓர் இடம் மட்டும் வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. புள்ளி இல்லை இது. எலுமிச்சம்பழம் அளவு சிவப்பு. அமுக்கினால் வலித்தது.

எனக்குக் குருவிகுளத்து அத்தையின் ஞாபகம் வந்தது.

என் அப்பாவின் தங்கை. அவளுக்கும் சர்க்கரை. காலில் குத்திய ஒரு கருவேல முள்ளை அவளே ஊக்கால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். பத்தாவது நாள் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பிய அன்று நான் போயிருந்தேன். வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. யாரும் அதை உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

இவ்வளவு தெரிந்தவள் வியாழக்கிழமையே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா? அதுதான் வேடிக்கை. பயம் குறைவாக இருந்திருந்தால் ஓடியிருப்பேன். பயம் அதிகமானதால், பார்க்காமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று சேலையை இறக்கிவிட்டுக்கொண்டேன். நாளை குறைந்துவிடும்... நாளை குறைந்துவிடும்...

வெள்ளிக்கிழமை, நான் வேலை பார்க்கும் ஆபீஸில் பதினோரு மணி. ஒரு ஃபைலில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. எழுத்து கோணல் மாணலாகப் போனது. பக்கத்து சீட்டில் இருந்தவர் ஃபேனை நிறுத்தினார். பங்குனி மாதம், ஃபேன் இல்லாத அறை, எல்லோருக்கும் வியர்த்து வழிகிறது... எனக்கு மட்டும் பல் கிட்டிக்கிறது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். “கொஞ்சம் வாங்களேன்” என்றுதான் சொன்னேன். குரலில் என்ன கேட்டாரோ, ஸ்கூட்டரில் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார்.

ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் வைத்து, “என்ன செய்யுது?” என்றார். நான் சேலையை ஒரு சாண் தூக்கிக் காட்டினேன்.

சிவப்பு கணுக்காலில் இருந்து கெண்டைக்கால் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. பளபளவென்று, வேறு யாருடைய காலோ போல.

சத்தம் போடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். காய்ச்சல் பார்த்தார், சுகர் பார்த்தார். சுகர் எகிறியிருந்தது. பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, என் காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த எல்லையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். வரைபடத்தில் நாட்டுக்கு எல்லை போடுவார்களே, அந்த மாதிரி. பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்.

“இது எதுக்கு டாக்டர்?”

“தோலுக்கு அடியில கிருமி பரவுதும்மா. மருந்து ஏத்துறோம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாக்கணும்.”

தாண்டினால் என்ன என்று நான் கேட்கவில்லை.

“எப்படி ஆரம்பிச்சது? குளம், வாய்க்கால் எதுலயாவது இறங்கினீங்களா?”

“இல்ல டாக்டர்” என்றேன். அந்த நிலையிலும் பொய்.

“ஞாயித்துக்கிழமை ஆனா குளத்துலதான் கெடக்கா டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என் இன்னொரு காலைத் திருப்பிப் பார்த்தார். அதில் இன்னும் ஆறாத சிவப்புப் புள்ளிகள் இருந்தன. “உங்ககூட வேற யாராவது இறங்கினாங்களா? அவங்களுக்கும் இந்த மாதிரி இருக்கா?”

“ஒரு ஃபிரெண்ட் வந்தா. அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

“கேட்டீங்களா?”

கேட்கவில்லையே...

அங்கேயே படுத்துக்கொண்டு செண்பகத்துக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் டாக்டர். “செண்பகம், குளத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து உனக்கு உடம்புல ஏதாவது...”

உடைந்த குரலில், “எக்கா... உங்களுக்குமா?” என்றாள்.

அப்புறம் அழுதாள். கை, கால், இடுப்பு எல்லாம் புள்ளியாம். ஏதோ தொத்து வியாதி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். வீட்டில் சளி என்று பொய் சொல்லிவிட்டு, ஐந்து நாளாகப் பேத்தியைத் தொடவே இல்லை. பிள்ளை அழும்போது அடுத்த அறையில் போய் நின்றுகொண்டாளாம். “மக என்ன நெனச்சாளோ தெரியலக்கா. பொம்பளப் பிள்ளைன்னு அம்மாவுக்குப் பிடிக்கலயோன்னு அவ வீட்டுக்காரர்ட்ட சொல்லி வருத்தப்பட்டிருக்கா. அது என் காதுல விழுந்துச்சு. அப்பவும் நான் வாயத் தொறக்கல.”

கோயில் வாசலில், ஆளுக்கொரு காகித மடிப்போடு நாங்கள் நின்றதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒரே குளம். ஒரே பொய்.

டாக்டர் போனை வாங்கி அவளிடமே சொன்னார். “பயப்படாதீங்க. குளத்து நத்தைகள்ல இருந்து கண்ணுக்கே தெரியாத குட்டிப் புழுக்கள் வெளிய வரும். அதுங்க தேடுறது வாத்து, கொக்கு இந்த மாதிரிப் பறவைகளை. சிலது மாட்டைத் தேடும். ஆள் தெரியாம நம்ம தோல்ல நுழைஞ்சிடுது. ஆனா நம்ம உடம்புல அதால வாழ முடியாது, அங்கேயே செத்துடும். அதை நம்ம உடம்பு எதிர்க்குறதுதான் இந்த அரிப்பு. ஒரு வாரம், பத்து நாள்ல தானா அடங்கிடும். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டவே ஒட்டாது. சொறியாம மட்டும் இருங்க. நாளைக்கு நேர்ல வந்து ஒரு தடவை காட்டிடுங்க.”

“அப்ப... பிள்ளைய தூக்கலாமா டாக்டர்?”

“தாராளமா.”

போன் கட்டாகிவிட்டது. நன்றிகூடச் சொல்லவில்லை. பிள்ளையிடம் ஓடியிருப்பாள்.

“அப்ப என் கால் மட்டும் ஏன் இப்படி?” என்றேன். கடையில் வாங்கிய டியூபைப் போட்டதையும் ஒப்புக்கொண்டேன்.

“இது புழு செஞ்சது இல்லம்மா. உங்க நகம் செஞ்சது. சொறிஞ்ச வழியா கிருமி உள்ள போயிருக்கு. சுகர் இருக்கிறதால வேகமா பரவுது. அந்த டியூப்ல இருக்கிற ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிட்டு, கிருமியை வளர விட்டிருக்கு.” பிறகு தயங்கி, “மண்ணும் போட்டீங்களா?” என்றார்.

தலையாட்டினேன்.

“எங்க அம்மாவும் வந்தா அந்தக் கோயில்ல வாங்கிட்டுத்தான் போவாங்க. நெத்தியில பூசிக்கோங்க. கீறின தோல்ல எந்த மண்ணும் வேண்டாம்.”

அதன் பிறகு வார்டில் காத்திருந்தது இருக்கிறதே... கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கோட்டுக்குள் இருந்தது. இரண்டு மணிக்குக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். “உள்ளதான் இருக்கு” என்றார். எனக்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நாலு மணிக்குத் தாண்டிவிட்டது. முழங்கால் பக்கமாக ஒரு சுண்டுவிரல் அகலம்.

அவர் எழுந்து வெளியே போனார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் ஓடுவதைக் கேட்டேன். அறுபது வயதுக்காரர் ஓடுகிறார். நான் போர்வைக்குள் இடது காலின் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் அசைந்தன. திரும்ப அசைத்தேன். அத்தையும் இப்படித்தான் அசைத்துப் பார்த்திருப்பாளோ?

டாக்டர் வந்தார். காய்ச்சல், ரத்த அழுத்தம், எல்லாம் மறுபடி பார்த்தார். “முதல் நாள்ல கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இன்னொரு மருந்தும் சேர்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, நீல மையில் இரண்டாவது கோடு போட்டார். அவர் முகத்தில் இருந்து எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அவர் போனதும் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஏன்ட்டி சொல்லல?”

“சொன்னா நீச்சல நிறுத்திருவீங்கன்னுதான்.”

“நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன். சத்தமும் போட்டிருப்பேன். ஆனா அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டு வந்திருப்பேம்லா.”

போர்வையை விலக்கி இரண்டாவது கோட்டை அவருக்குக் காட்டினேன்.

மறுநாள் காலையில் சிவப்பு இரண்டாவது கோட்டைத் தாண்டவில்லை. அதற்கு மறுநாள் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்டது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் தலையணையிடம் கொடுத்துவிட்டேன்.

பேச்சியம்மாள் பார்க்க வந்தாள். அறுப்பு வயலில் இருந்து நேராக வந்திருந்தாள். என் காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் படிச்சவுக. எனக்கு ஒரு போன் போடக் கூடாதா எக்கா? நாத்து நட எறங்குனா வருசா வருசம் எங்களுக்கு இந்த அரிப்பு வரத்தான் செய்யுது. வாத்து நிக்குத தண்ணி நமக்கு ஆவாது. மேக்க எறங்காதியன்னு நான் எத்தன மட்டம் சொன்னேன்?”

“சகதிக்காகச் சொல்லுதன்னு நெனச்சேன் பேச்சி.”

“எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லயே.”

உண்மைதான். இரண்டு வருடமாக அவளிடம் நீந்தக் கற்றிருக்கிறேன். வேறு எதையும் கேட்டதில்லை. எனக்கு வந்ததற்கு வார்டு, கட்டில், மெடிக்கல் லீவு. அவளுக்கு வருடா வருடம் வருகிறது. அரிக்கிற காலோடு மறுநாளும் அதே தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கிறது. அவள் காலை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கேட்டுப் பார்த்தேன். கெண்டைக்கால் முழுக்கப் பழைய தழும்புகள். டாக்டரைக் கூப்பிட்டு அவள் காலையும் காட்டினேன். “எனக்கெதுக்குக்கா” என்று இழுத்துக்கொண்டாள். விடவில்லை.

சரி... நீங்களும் குளத்தில், ஏரியில் இறங்குகிறவர்களாக இருப்பீர்கள். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். டாக்டரும் பேச்சியும் சொன்னதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கரையோரம் ஆழமில்லாமல், வெதுவெதுவென்று, பாசியும் நத்தையுமாகக் கிடக்கிற தண்ணீரில் நிற்காதீர்கள். வாத்து மேய்கிற இடத்தை வாத்துக்கே விட்டுவிடுங்கள். ஏறியவுடன் — உடனே, இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே — துண்டால் அழுத்தித் துடையுங்கள். தண்ணீர் தோலில் தானாகக் காயும்போதுதான் அந்தப் புழு உள்ளே போக வழி தேடுகிறதாம். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு குளியல், ஈரத்துணியை மாற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் ஒன்றும் வராதா என்று டாக்டரிடம் கேட்டேன். அதை நம்பி இறங்காதீர்கள் என்றார். காலில் ஏற்கெனவே வெட்டோ புண்ணோ இருந்தால் ஆறும்வரை குளம் வேண்டாம்.

மீறி அரிப்பு வந்துவிட்டதா? குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் போடுங்கள். கேலமைன் லோஷன் கடையில் கிடைக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசினாலும் அடங்கும் — தோல் கிழியாத இடத்தில் மட்டும். ரொம்ப அரித்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது, டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். ‘எல்லாத்துக்கும் இதாம்மா’ என்று தருகிற டியூபை மட்டும் தொடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் இப்போது அதைத்தான் முதலில் செய்கிறேன்.

சிவப்பு பரவினால், சுட்டால், சீழ் வைத்தால், குளிர்க் காய்ச்சல் வந்தால்... நாளை பார்க்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் முதல் புள்ளியிலேயே கிளம்பிவிடுங்கள்.

நான் இன்னும் குளத்தில் இறங்கவில்லை. புண் முழுசாக ஆறட்டும் என்று உத்தரவு. ஆறின பிறகு இறங்குவேனா? தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கரையில் போய் நின்றேன். பேச்சி கிழக்கே ஆழத்தில் நீந்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. என் கால்தான் பின்னால் போயிற்று. ‘நிறுத்து’ என்று வீட்டுக்காரர் இதுவரை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது எனக்குக் கொசு கடித்தால்கூடப் பயம். புதன்கிழமை முழங்கையில் ஒரு சிவப்பு. நேராக அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் இழுத்துப்போய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொசுதான்” என்றார். கொஞ்சம் யோசித்து, “எதுக்கும் சாயங்காலம் ஒரு மட்டம் காட்டு” என்றார்.

அரித்தால் சொறியாதீர்கள்... சொல்லுங்கள்.